ஆகாய விமானமும் அப்பாவின் தர்ப்பணமும்

தகப்பனார் திடகாத்திரமாக, வேளைக்கு வேளை பசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவருக்குத் தர்ப்பணம் செய்யக் குளத்துப் படியில் உட்கார்ந்த பிள்ளை, இந்தச் சென்னை ராஜதானியிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் வாயடைத்துப் போகிறார்கள். முதலில் வாயடைத்துப் போனவன் நான்தான்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஆகாய விமானம்.

அப்போது நான் திருச்சிராப்பள்ளியில் ஹாஸ்டலில் தங்கி இண்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன். (படித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்பாவின் நம்பிக்கை.) உண்மையில் நான் செய்துகொண்டிருந்தது பத்திரிகைகளில் வரும் விமானப் படங்களைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டுவதும், தலைக்கு மேலே ஏதாவது இரைந்தால் சாப்பாட்டை விட்டுவிட்டு வெளியே ஓடுவதும்தான். பெரும்பாலும் அது மாவு மில்லாக இருக்கும். ஹாஸ்டலில் எனக்குப் 'பைலட் வைத்தி' என்று பெயர்.

அப்பாவுக்கு இதெல்லாம் அறவே பிடிக்காது. கும்பகோணத்தில் ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார் அவர். "மனுஷன் பறக்கணும்னா பகவான் முதுகுல இறக்கை வெச்சிருப்பார். நமக்கு வெச்சிருக்கிறது பூணூல்" என்று ஒரு தடவை சொல்லி, நான் மூங்கில் குச்சியில் செய்திருந்த விமானத்தை வெந்நீர் அடுப்பில் சொருகிவிட்டார்.

பட்டணத்தில் வருஷா வருஷம் குளிர்காலத்தில், பரங்கிமலைக்கு அந்தப் பக்கத்து மைதானத்தில் விமானக் காட்சி நடக்கும். விமானங்கள் தலைகீழாகப் புரளும். கீழே போட்ட வட்டத்தைக் குறிபார்த்து மாவு மூட்டையைப் போடும். எல்லாம் முடிந்தபின், கட்டணம் கொடுத்தால் நம்மையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி இறக்குவார்கள். அந்த ஒரு சுற்றுக்காக ஒரு வருஷம் காபி கிளப் பக்கமே போகாமல் இருந்து, கட்டணத்தைச் சேர்த்துக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தேன். ரயிலுக்குத் தனியாக வைத்திருந்தேன். ஜாகைக்கு மட்டும் ஒன்றும் வைக்கவில்லை. அவ்வளவு பெரிய பட்டணத்தில் ஓர் ஆள் கையைக் காலை நீட்ட இடமா கிடைக்காது என்பது என் எண்ணம்.

கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எழும்பூரில் இறங்கினேன். காட்சி மறுநாள். சைதாப்பேட்டையில் இருந்த லாட்ஜ்களில் எல்லாம் எனக்கு முன்னே விமானப் பித்தர்கள் வந்து நிரம்பியிருந்தார்கள். ஒரு லாட்ஜ்காரர் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து வராந்தாவில் ஒரு பாய்க்குக் கேட்ட வாடகையில் நான் பாதி வானம் ஏறிவிடலாம். அடையாற்றில் என் சிநேகிதனின் மாமா பங்களா வைத்திருந்தார். அங்கே போனால், காட்சி பார்க்க வந்த உறவுக்காரர்கள் கூடம் நிறையப் படுத்திருந்தார்கள். சாப்பாட்டு மேஜைக்குக் கூட யாரோ முன்னதாகவே துண்டு போட்டு வைத்திருந்தார். நடந்து நடந்து தியாகராய நகருக்கு வந்தேன். அப்போது அங்கே பாதி வீடுகள் கட்டி முடியாதவை. கதவில்லாத, ஆனால் தளம் போட்ட ஒரு வீடாகப் பார்த்து, மணலில் துண்டை விரித்தேன். முதுகு தரையில் படுவதற்குள் காவல்காரர் வந்துவிட்டார்.

"இன்னா நைனா, ஊடு கட்டி முடிக்கிறதுக்குள்ளயே குடி வந்துட்டியா?"

ரொம்பத் தூரத்திலிருந்து ஏரோப்ளேன் பார்க்க வந்தவன், இரண்டே ராத்திரிதான் என்று உருக்கமாகச் சொன்னேன். அவர் உருகவில்லை.

"ஏரோப்ளேன் மேல கீது. அண்ணாந்து பாத்துக்கினு போ. அதுக்கு ஊட்டுக்குள்ள இன்னாத்துக்குப் படுக்கிற?"

நியாயமான கேள்விதான். துண்டை உதறிக்கொண்டு எழுந்தேன்.

அப்போதுதான் மயிலாப்பூர்ச் சத்திரம் நினைவுக்கு வந்தது. தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து வைதிக காரியமாகப் பட்டணம் வருகிறவர்களுக்கென்று எங்கள் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர், குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் கட்டிவைத்த தர்மச் சத்திரம். அப்பாவே அதைப்பற்றிப் பலமுறை சொல்லியிருக்கிறார். வாடகையும் கிடையாது. பறந்தேன்.

சத்திரத்து மானேஜர் நல்ல உயரம், நல்ல பருமன், நல்ல மனசு. ஆனால் வாசலிலேயே மறித்துவிட்டார். மறுநாள் தை அமாவாசையாம். தர்ப்பணத்துக்கு வந்தவாளுக்கு மட்டுந்தான் இடம், மற்றவாளுக்கு இல்லை என்றார்.

"தர்ப்பணத்துக்குத்தான் வந்திருக்கேன்" என்றேன்.

இது எப்பேர்ப்பட்ட பேச்சு என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அமாவாசைத் தர்ப்பணம் தகப்பனை இழந்தவன் செய்வது. அப்பா இருக்கிறவன் அன்றைக்கு எள்ளைக் கையில் எடுப்பதே தகாது. எங்கள் வீடுகளில் குழந்தைகள் விளையாட்டுக்குக் கூட அப்படி உட்கார மாட்டார்கள்.

மானேஜர் என் அரும்பு மீசையைப் பார்த்தார். "இந்த வயசுலயா? யாரு, அப்பாவா?"

"ஆமாம்."

தரையை விட்டுக் கிளம்பிய விமானம் மாதிரி அந்த வார்த்தை கிளம்பிவிட்டது. ஓட்டுகிறவனுக்கு இறக்கத் தெரியவில்லை. அவர் கேட்கக் கேட்க உயரே உயரே போனேன். போய் இரண்டு வருஷம் ஆகிறது என்றேன். மூன்று நாள் ஜுரம் என்றேன். ஊரும் பெயரும் கேட்டார், கும்பகோணம், ராமசேஷன் என்று அப்பாவின் சொந்த ஊரையும் பெயரையுமே கொடுத்தேன். (ஒரு பொய்ப் பெயரைக் கொடுக்கத் தோன்றவில்லை. இருந்த மூளையெல்லாம் விமானத்துக்கே செலவாகியிருந்தது.) அதோடு விட்டேனா? கடைசி மூச்சில் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'வைத்தி, தை அமாவாசைக்கு மயிலாப்பூர் போறதை மட்டும் விட்டுடாதே' என்று அப்பா சொன்னதாகவும் சேர்த்தேன்.

மானேஜர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் அறையிலேயே பாய் போட்டார். தலையணை கொடுத்தார். குட்டிச்சுவர் ஓரம் கிடைத்தால் போதும் என்று வந்தவனுக்குத் தயிர்சாதமும் மாவடுவும் கிடைத்தன. பொழுது விடிவதற்குள் நழுவிக் கிண்டிப் பக்கம் ஓடிவிடுவது என்று தீர்மானித்துவிட்டு, ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லாமல் தூங்கினேன்.

நான் நழுவுவதற்குள் மானேஜர் எழுப்பிவிட்டார். "தகப்பன் இல்லாத பிள்ளை, தனியா விடலாமா" என்று கையைப் பிடித்து அவரே குளத்துக்கு அழைத்துப் போனார். பனிக் காலத்துத் தண்ணீரில் முழுக்குப் போட வைத்தார். படி முழுவதும் கும்பல். புரோகித வாத்தியார் ஒருவர், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கோத்திரம் சொல்லி மாளாது என்பதால், ஒரே கோத்திரக்காரர்களை ஒரே வரிசையாக உட்கார்த்திக்கொண்டிருந்தார். பாரத்வாஜ கோத்திரத்து வரிசையின் ஓரத்தில் என்னை உட்கார வைத்து, விரலில் தர்ப்பைப் பவித்திரத்தை மாட்டி, உள்ளங்கையில் எள்ளை வைத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பக்தி என்று நினைத்துக்கொண்டார். மானேஜர் என் துயரக் கதையைச் சுற்றியிருந்தவர்கள் காது குளிரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எழுந்து ஓடிவிடலாம் என்று காலை ஊன்றியபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"பாரத்வாஜமா? நானும் அதான். கொஞ்சம் நகர்ந்துக்கோங்கோ."

லீவுக்கு வீட்டுக்குப் போனால், நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன் மார்க்கு எத்தனை என்று கேட்கும் குரல். திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. வந்தவர் என்னை ஒட்டி உட்கார்ந்தார். குனிந்த கண்ணுக்கு அவருடைய கால் மட்டும் தெரிந்தது. அம்மிக்குழவி விழுந்து பிளந்த கட்டைவிரல் நகம். உலகத்தில் அந்த மாதிரி நகம் ஒன்றுதான் உண்டு.

வாத்தியார் அவர் ஊரையும் பேரையும் கேட்டார்.

"கும்பகோணம். ராமசேஷன்."

"ஆச்சரியமா இருக்கே" என்றார் வாத்தியார். "இதோ இந்தப் பிள்ளையோட காலஞ்சென்ற தகப்பனாருக்கும் அதே பேரு, அதே கோத்திரம், அதே ஊரு."

அப்பா என்னைப் பார்த்தார். நான் குளத்து மீன்களைப் பார்த்தேன்.

"அப்படியா" என்றார் அப்பா. "எப்போ காலமானாராம்?"

மானேஜர்தான் பதில் சொன்னார். இரண்டு வருஷத்தையும் மூன்று நாள் ஜுரத்தையும் சொல்லி, கடைசி வார்த்தைகளைத் தழுதழுக்கச் சொன்னார்.

"அவர் அப்படியா சொன்னார்?"

"ஆமாம், பிள்ளை கையைப் பிடிச்சுண்டு."

"கணக்குல எத்தனை மார்க்குன்னு கேக்கலையா?"

மானேஜருக்கு இது புரியவில்லை. வாத்தியாருக்கோ அவசரம். நாழியாறது என்று என் கையில் ஜலத்தை விட்டு, சாய்க்கச் சொல்லி, "பாரத்வாஜ கோத்ரான், ராமசேஷ சர்மண…" என்று ஆரம்பித்துவிட்டார். என் கை தானாகவே சாய்ந்துகொண்டிருந்தது. எள்ளும் ஜலமும் விரல் நுனிக்கு வந்த அந்த க்ஷணத்தில், பக்கத்திலிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

"எள்ளைக் கீழே போடுடா, வைத்தி" என்றார் அப்பா. "நேக்கு இன்னும் அந்தப் பசி வரலை."

வாத்தியார் பின்பக்கமாகவே படியேறினார். மானேஜர் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேல்துண்டை எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அப்பா என் காதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்த வேகத்தில் அவர் பக்கத்திலிருந்த துணிப்பை சாய்ந்தது. அதிலிருந்து கறுப்பாக ஏதோ ஒன்று விழுந்து, தடக்கென்று படியில் உருண்டு, என் காலடியில் வந்து நின்றது.

எடுத்துப் பார்த்தேன். அப்பாவின் பள்ளிக்கூடத்து சயன்ஸ் ரூம் சீட்டு ஒட்டிய பைனாக்குலர்.

அப்பாவின் கை என் காதை விட்டது. தை அமாவாசைக்குச் சமுத்திர ஸ்நானம் பண்ணப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, ராத்திரி வண்டியில் வந்து நேரே குளத்துக்கு வந்திருக்கிறார். அதெல்லாம் பின்னால் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் விமானத்தை வெந்நீர் அடுப்பில் சொருகிய மனிதர் பைனாக்குலரோடு பட்டணம் வந்திருக்கிறார். எள்ளோடு நான் பிடிபட்டபோது கூட அவ்வளவு அதிர்ச்சி அடையவில்லை.

"தர்ப்பணத்துக்கு இது எதுக்குப்பா?"

"சமுத்திரத்தைப் பாக்கலாம்னு" என்றார். அப்புறம் கோபுரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம், "மத்தியானம் எத்தனை மணிக்குடா ஆரம்பம்?" என்றார்.

சொன்னேன்.

அதற்குள் வாத்தியாருக்குக் குரல் திரும்பிவிட்டது. உயிரோடு இருக்கிறவர் பேரைப் பித்ருக்களோடு சேர்த்துச் சொன்னது மகா தோஷம், அப்பா ஆயுசுக்கே ஆகாது, இன்றைக்கே பிராயச்சித்தம் பண்ணியாக வேண்டும் என்றார். அதுவரை உள்ளுக்குள் எங்கேயோ சிரிப்பு இருந்தது. அது அப்படியே நின்றுவிட்டது. விமானப் பைத்தியம், தர்க்க சாஸ்திரப் புலி, எதையும் நம்பாதவன் என்றெல்லாம் ஹாஸ்டலில் பேர் வாங்கியவன், கேள்வி கேட்காமல் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தேன். ஹோமத்துக்கும் கோதானத்துக்கும் அது சரியாகப் போய்விட்டது.

"அது ஏதுடா?" என்றார் அப்பா.

"ப்ளேன்ல ஒரு சுத்துப் போக வெச்சிருந்தேன்."

அப்பா தன் தகப்பனாருக்குத் தர்ப்பணத்தை ஒழுங்காக முடித்துக்கொண்டு, மானேஜரிடம் போய் ராத்திரி தங்க இடம் கேட்டார். அவர், "நீங்க செத்துட்டேள்னுதான் உங்க பிள்ளைக்கு இடம் கொடுத்தேன். இப்போ செத்தவரே வந்து நிக்கறேளே, நான் என்ன பண்ணட்டும்?" என்று கையெடுத்துக் கும்பிட்டு, எங்கள் இருவரையும் வாசல்வரை கொண்டுவிட்டார்.

மத்தியானம் மைதானத்தில் பைனாக்குலரை மாற்றி மாற்றிப் பார்த்தோம். அப்பா ஒவ்வொரு புரளலுக்கும் என் தோளைப் பிடித்து அமுக்கினார். காட்சி முடிந்து கட்டணச் சவாரி ஆரம்பமாயிற்று. அப்பா மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். ஒரு வருஷமாக வெற்றிலை சீவலை விட்டுச் சேர்த்ததாம். என்ன இருந்தாலும் பெற்ற தகப்பன் அல்லவா என்று கையை நீட்டினேன். அதில் பைனாக்குலரை வைத்தார்.

"நீ இங்கயே இரு. நான் மேலே போயிட்டு வரேன்."

பஞ்சகச்சத்தை இறுக்கிக்கொண்டு, குடுமிக்கு மேல் தோல் தொப்பியை மாட்டிக்கொண்டு, ஏறி உட்கார்ந்தார். விமானம் ஓடியது, எம்பியது, கிளம்பியது. காலையில் நான் எள் இறைக்கப் பார்த்த தகப்பனார் சாயங்காலம் சரீரத்தோடு ஆகாயத்துக்குப் போவதைப் பைனாக்குலரில் பார்த்துக்கொண்டு நின்றேன். மேலேயிருந்து கையை வேறு ஆட்டினார்.

இறங்கி வந்தவரிடம், எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நன்னாத்தான் இருக்கு" என்றார். "நீ விடப் பார்த்த எள்ளும் ஜலமுந்தான் மேலே வந்து சேரலை."

அன்றைக்கு இருவரும் பரங்கிமலை ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் படுத்துக்கொண்டோம். மைதானத்துக்கு அதைவிடக் கிட்டத்தில் ஜாகை கிடையாது, வாடகையும் இல்லை. இது முதல் நாளே தோன்றியிருந்தால் அப்பாவைக் கொன்றிருக்கவே வேண்டாம்.

போன வருஷம் எனக்குக் கல்யாணம். பெண் வீடு கோபாலபுரம். கல்யாணத்திலும் வரனுடைய மூன்று தலைமுறைப் பேர்களைச் சொல்ல வேண்டும் அல்லவா? வாத்தியார் என்னிடம், தகப்பனார் பேர் என்ன என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

"அவனைக் கேக்காதேள். அவன் சொன்னா நேக்கு ஆகாது."

சம்பந்திகள் திகைத்துப் போனார்கள். அம்மா விளக்க ஆரம்பித்தாள். முகூர்த்த நாழி தப்பிவிடப் போகிறதே என்று வாத்தியார் தவிக்கத் தவிக்க, மைதானம் வரைக்கும் கதை போய்விட்டு வந்தது. மணையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெட்கம் என்று நினைத்தேன்.

இப்போது நான் எந்த ஊருக்குக் கிளம்பினாலும், பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு வாசலில் நின்றுகொண்டு அவள் கேட்பது ஒன்றுதான்.

"இந்தத் தடவை ஜாகைக்காக யாரைச் சாகடிக்கப் போறேள்?"