கன்னத்து பாயின் பாதங்கள்

இந்தியா முழுக்கத் தேடினாலும் துணியைக் கன்னத்தால் பார்த்து விலை சொன்ன ஒரே வியாபாரி, எங்கள் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவின் கன்னத்து பாய்தான்.

முன்பெல்லாம் அவரும் விரலால்தான் பார்த்தார். பிறகு புற்றுநோய் வந்தது. மருந்து ஏற்றிக்கொண்டு பிழைத்தார். நோயோடு சேர்ந்து விரல் நுனியிலும் பாதத்திலும் இருந்த உணர்ச்சியும் போய்விட்டது. மருந்து நரம்புகளைப் பாதித்துவிட்டது என்றார் டாக்டர். பருத்தியும் பாலியஸ்டரும் விரலுக்கு ஒன்றாகிவிடவே, பாய் சரக்கைக் கன்னத்தில் தேய்க்க ஆரம்பித்தார்.

கச்சிராயபாளையத்து அம்மாள் ஒருத்தி பார்த்துவிட்டாள். "இன்னாங்க பாய், நான் கட்டிக்கப்போற பொடவைய நீங்க கொஞ்சிக்கினு இருக்கீங்க?"

"கொஞ்சலம்மா, விசாரிக்கிறேன். இதுல பருத்தி கம்மி, பாலியஸ்டர் ஜாஸ்தி. வேற எடுத்துக்கோ."

அவள் மூன்று புடவை எடுத்துக்கொண்டு போனாள்.

சட்டைப் பட்டன் விரலுக்கு அகப்படாது. எல்லாவற்றையும் பிய்த்துவிட்டு, செருப்பில் வருமே, அந்த ஒட்டுப்பட்டையைத் தைத்துக்கொண்டார். துக்க வீட்டில் புழுக்கம் தாங்காமல் சட்டையைத் திறந்தால் 'சர்ர்' என்று சத்தம் வரும். அழுகிறவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒருமுறை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்து சேர்ந்தார்.

"பாய், இன்னொண்ணு எங்க?"

"கால்லதான் கீது" என்றார், குனிந்துகூடப் பார்க்காமல்.

இவற்றையெல்லாம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவன் நான். 'கன்னத்து பாய்' என்ற பெயரை வைத்ததும் நான்தான். முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன். எனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பு. "தொட்டா தெரியல, ஆனா பொழுதன்னிக்கும் பாதம் எரியுது வாத்தியாரே, ஊசியா குத்துது" என்று அவர் சொன்னபோது, டாக்டரிடம் போகச் சொல்லாமல், "வெந்நீர்ல உப்பு போட்டு அரைமணி நேரம் வைங்க" என்றேன்.

வைத்தார். சூடு தெரியாத கால். தோல் வழன்றதைப் பார்த்து அலறியது அவர் மனைவிதான்.

புண் சீழ் பிடித்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டிவரலாம் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனேன். "வெந்நீர்ல வெக்கச் சொல்லி எவன் அத்தா சொன்னது?" என்று மகன் கத்திக்கொண்டிருந்தான். நான் வாய் திறக்கவில்லை. பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"எவனும் இல்ல. நானாதான் வெச்சேன்."

விரல்கள் தப்பின. என் மனம்தான் ஆறவில்லை. நான்கு மாதம் கழித்து, கடையில் மகன் எதிரிலேயே உண்மையைச் சொன்னேன். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாய் மட்டும் சிரித்தார்.

"இத்த சொல்ல நாலு மாசமா? சரி, தண்டன தரேன். தினம் பாதத்த பாக்கணும்னு டாக்டர் சொல்லிகிறாரு. எனக்குக் குனிய வரல, வூட்ல அவங்களுக்குக் கண்ணு மங்கல். நீங்க பாருங்க."

மறுநாளிலிருந்து காலையில் முக்காலி போட்டு, அவர் காலை மடியில் வைத்து, முள், கீறல், கொப்புளம் தேடினேன். தண்ணீர் சூட்டையும் நானே முழங்கையால் பார்த்துக் கொடுத்தேன். கடைத்தெருவே சிரித்தது. இந்த முறை என்னைப் பார்த்து.

இப்போது பாய் மகனோடு விழுப்புரத்தில் இருக்கிறார். தினமும் காலை எட்டு மணிக்கு வீடியோ கால் வரும். முகம் தெரியாது, திரை நிறைய இரண்டு பாதங்கள்.

"இன்னா வாத்தியாரே, பாஸா ஃபெயிலா?"

"பாஸ் பாய்."

ஏழே முக்காலுக்கே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.