கர்னலுக்கு டிரைவர்

உலகத்திலேயே வண்டி ஓட்டத் தெரியாத ஒரே டிரைவர் தூத்துக்குடியில், எங்கள் ஆபீசில்தான் இருந்தார். லாரி, காரையெல்லாம் விடுங்கள். சைக்கிளில் ஏற்றி உட்கார வைத்தால் இரண்டாவது மிதியில் இடது பக்கமாகச் சாய்வார். ஒருநாளும் வலது பக்கம் சாய்ந்ததில்லை. விழுவதிலும் அவரிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. தினமும் ஏரலிலிருந்து பஸ்ஸில் வந்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே ஆபீஸ் சேருவார். காக்கிச் சட்டை, காக்கி பேண்ட், பையில் நான்கு நிறப் பென்சில். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. எல்லோருக்கும் அவர் டிரைவர் சார்தான்.

தப்பு அவர்மேல் இல்லை, ஆங்கிலத்தின் மேல். எங்களுடையது கப்பல்களுக்குச் சரக்கு ஏற்பாடு செய்யும் கம்பெனி. அங்கே இரண்டு பீரோ அளவில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதற்கு ஏ.சி., எங்களுக்கு மின்விசிறி. அதன் உள்ளே கெர்னல் என்று ஒரு தலைமைப் புரோகிராம். எல்லா வேலையையும் நடத்துவது அதுதான் என்றாலும், பிரிண்டரோடு அதற்கு நேராகப் பேச வராது. டேப் படிக்கிற பெட்டியோடும் பேச வராது. ஒவ்வொரு கருவிக்கும் அதன் மொழி தெரிந்த ஒரு சின்னப் புரோகிராம் நடுவில் வேண்டும். அதற்குப் பெயர் டிரைவர். இவர் அந்த டிரைவர்களை எழுதுகிறவர். வேலைக்கான விண்ணப்பத்திலும் "டிரைவர் எழுதுவேன்" என்று நேர்மையாகத்தான் எழுதியிருந்தார். ஹெட் கிளார்க் அதை இலக்கணப் பிழை என்று முடிவு செய்து, "எழுதுவேன்" என்பதை அடித்துவிட்டு, டிரைவர் பட்டியலில் சேர்த்துவிட்டார். வருடத்துக்கு இரண்டு ஜோடி காக்கி தானாக வந்தது. சட்டையில் பைகள் நிறைய, பென்சில் வைக்க வசதி என்று இவரும் போட்டுக்கொண்டார். இப்போது அவர் பெங்களூரில் இருக்கிறார். அங்கே காக்கி கொடுப்பதில்லை என்று கேள்வி.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கெர்னல் என்ற சொல் ஏரல் நாக்கில் புரண்டு "கர்னல்" ஆகிவிட்டது. அதிலும் அவர் கெர்னலை ஒருநாளும் அது, இது என்று சொன்னதில்லை. அவர், இவர்தான். காக்கி போட்ட ஒரு டிரைவர் நாள் முழுக்கக் "கர்னல் கேக்காரு, கர்னல் காத்துக்கிட்டு இருக்காரு" என்று பேசினால் ஊர் என்ன நினைக்கும்?

கேண்டீன் அண்ணாச்சி ஒருநாள் டீயை ஆற்றிக்கொண்டே மெல்ல ஆரம்பித்தார்.

"சார், ஒங்க கர்னல் அய்யாட்ட சொல்லி மிலிட்டரி கேண்டீன்ல ஒரு பாட்டில் வாங்கித் தருவியளா?"

"அவருக்கு வெளியுலகமே தெரியாது அண்ணாச்சி. எல்லாம் நம்ம மூலமாத்தான்."

"அய்யோ பாவம். கண்ணு தெரியாதோ?"

"கண்ணு, காது, கை, ஒண்ணும் கெடையாது."

"சண்டையில போச்சா?"

"இல்ல. மொதல்லேர்ந்தே அப்படித்தான்."

அண்ணாச்சி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு டிரைவர் சாருக்கு இரண்டு வடை கூடுதலாகக் கிடைத்தது. ஏன் என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது.

இவரிடம்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்குப் புன்னைக்காயல். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பி.யு.சி.யும், இரண்டு மொழியிலும் ஹையர் டைப்ரைட்டிங்கும் பாஸ். இதை நான் சொல்லாமல் விட்டாலும் எங்கள் அப்பா விடமாட்டார். வலை உலர்த்துகிறவர்களிடமெல்லாம் "எம்மவ கம்ப்யூட்டர்ல வேல பாக்கா" என்று சொல்லி வைத்திருந்தார். உண்மையில் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட எனக்கு அனுமதி இல்லை. அதைப் பற்றிய புத்தகத்தை டைப் அடிப்பதற்காகத் தற்காலிகமாக எடுக்கப்பட்ட டைப்பிஸ்ட் நான்.

அந்தப் புத்தகத்துக்கு ஒரு காரணம் இருந்தது. சென்னை ஹெட் ஆபீசிலிருந்து கடிதம் வந்திருந்தது. புதிதாக வந்த பிரிண்டரை ஓட்டும் டிரைவர் புரோகிராம் ஒரே ஒருவருக்குத்தான் புரிகிறது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் கம்பெனிக்கும் காய்ச்சல் வருமா? ஆகவே அதை முழுதாக விளக்கி மூன்று மாதத்தில் ஒரு புத்தகம் தயாராக வேண்டும். அதிகாரி நேரில் வருவார். எழுதியவர் அல்லாத ஒருவர், புத்தகத்தை மட்டும் பார்த்து, பிரிண்டரை ஓட்டிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் கம்ப்யூட்டரைச் சென்னைக்கு எடுத்துக்கொள்வார்கள்.

கம்ப்யூட்டர் போனால் புத்தகம் எதற்கு, டைப்பிஸ்ட் எதற்கு? நான் ஊருக்குத் திரும்பிப் போகலாம். ஆனால் அப்பா கடற்கரையில் சொல்லி வைத்ததையெல்லாம் யார் திரும்ப வாங்குவது?

டிரைவர் சார் எழுதும் விதமே தனி. கெர்னல் கேட்பது சிவப்புப் பென்சில். டிரைவர் சொல்லும் பதில் நீலம். பிரிண்டர் செய்வது பச்சை. தகராறு எல்லாம் கறுப்பு. எழுதி முடித்த ஒவ்வொரு பக்கத்தையும் நடித்துப் பார்த்த பிறகுதான் டைப் அடிக்கத் தருவார்.

"நீங்க கர்னல். நான் பிரிண்டர். கேளுங்க."

"என்னத்த கேக்க?"

"எழுதுன்னு சொல்லுங்க. மரியாதையெல்லாம் வேண்டாம். கர்னல் மரியாத பாக்க மாட்டாரு."

"எழுது."

அவர் இரண்டு கையையும் மடக்கி, தலையை இடமும் வலமுமாக ஆட்டி, "டர்ர்ர்" என்று அச்சடித்தார். அந்த நேரம் பார்த்து ஹெட் கிளார்க் கதவைத் திறந்தார்.

"என்ன நடக்கு இங்கன?"

"ஒண்ணுமில்ல சார். ரெஜினாதான் கர்னல்."

ஹெட் கிளார்க் கதவைச் சாத்திவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து எனக்கு வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

எனக்கு முதலில் இந்தக் கேள்வி பதில் விவகாரம் பிடிபடவில்லை. பிறகு எங்கள் சித்தப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவர். தோணியில் கயிறு பிடித்து நிற்பவருக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது. தெரியவும் வேண்டாம். எத்தனை இழுப்புக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் ஒரு பேச்சு இருந்தால் போதும். இதைச் சொன்னதும் டிரைவர் சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அந்தப் பேச்ச எங்கயாவது எழுதி வச்சிருக்காங்களா?"

"இல்ல சார். எல்லாருக்கும் தெரியும்."

"புதுசா ஒரு ஆளு கயிறு பிடிச்சா?"

சித்தப்பா புது ஆளைக் கயிற்றைத் தொடவே விடமாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

எங்களுக்குள் ஒரே ஒரு பெரிய சண்டை வந்தது. "பிழை எண் நான்கு: கருவி தயாராக இல்லை" என்று எழுதி, அதோடு முற்றுப்புள்ளி வைத்திருந்தார்.

"தயாரா இல்லன்னா நான் என்ன செய்யணும் சார்?"

"நீங்க எதுக்குச் செய்யணும்? கர்னலுக்குச் சொல்லியாச்சு. டிரைவர் கடமை முடிஞ்சுது."

"கர்னலுக்குத்தான் கை கெடையாதே."

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் டைப் அடித்த காகிதத்தைக் கேண்டீன் அண்ணாச்சி வழியாக வாங்கிக்கொண்டார். நான்காம் நாள் மேசையில் ஒரு தாள் கிடந்தது. கறுப்புப் பென்சிலில் மூன்று வரி: காகிதம் பார்க்கவும். மூடி பார்க்கவும். பொத்தான் பார்க்கவும். இதே வரிசையில்.

அதிகாரி வரும் நாளும் வந்தது. ஆபீசின் நிஜ டிரைவர் ஊரில் கோயில் கொடை விழாவுக்கு லீவு. ஹெட் கிளார்க் பட்டியலைப் பார்த்தார். அடுத்த பெயர் இருந்தது. ஜீப் சாவியை எடுத்து நீட்டினார்.

"நீரு ஸ்டேஷனுக்குப் போயி அதிகாரியக் கூட்டிட்டு வாரும்."

"எனக்கு ஓட்டத் தெரியாதே சார்."

"காக்கி வாங்கும்போது தெரிஞ்சுதோ? கர்னலுக்கு மட்டுந்தான் ஓட்டுவீரோ?"

நான் குறுக்கே பேசப் போனேன். அதற்குள் டிரைவர் சார் ஜீப்பின் முன்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டார். உள்ளே ஜீப் கம்பெனி கொடுத்த புத்தகம் இருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"புத்தகம் இருக்கு ரெஜினா."

"சார், வேண்டாம்."

"புத்தகத்த வச்சு ஓட்ட முடியாதுன்னா, மூணு மாசமா நாம எதுக்கு எழுதினோம்?"

ஸ்டியரிங் மேல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டார். ஜீப் தவளை மாதிரித் தத்தித் தத்தி வாசலைத் தாண்டிப் போனது.

முக்கால் மணி நேரம் கழித்து அதிகாரி சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. "இந்த டிரைவரை எழுதினவர் எங்கே?" என்று கேட்டார்.

"ஒங்களக் கூப்பிட ஜீப் ஓட்டிக்கிட்டு போயிருக்காரு சார்" என்றார் ஹெட் கிளார்க்.

அதிகாரி அவரையே சிறிது நேரம் பார்த்தார். "சரி, நல்லதாப் போச்சு. புத்தகத்தைப் பார்த்து யார் ஓட்டப் போறீங்க?"

ஆபீசே கூரையைப் பார்த்தது. நான் கையைத் தூக்கினேன்.

"நீங்க?"

"டைப்பிஸ்ட் சார். புத்தகத்த அடிச்சது நான்தான்."

"அடிச்சா புரிஞ்சிடுமா?"

"புரியாம ஒரு வரி அடிக்கல சார்."

அதிகாரி பிரிண்டரின் டிரைவரைக் கெர்னலிலிருந்து எடுத்துவிட்டு நாற்காலியை எனக்குத் தள்ளினார். முதன்முதலாக அந்த ஏ.சி. அறையில் உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலிருந்து வரிவரியாகச் செய்தேன். டிரைவர் இருந்த டேப்பை ஏற்றினேன். பட்டியலில் அதன் பெயரைச் சேர்த்தேன். கெர்னலைப் புதிதாகக் கட்டி மறுபடி கிளப்பினேன். துறைமுகத்தில் அன்று நிற்கிற கப்பல்களின் பட்டியலை அச்சடிக்கச் சொன்னேன்.

பிரிண்டர் அசையவில்லை. என் முன்னால் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த டைப்ரைட்டரின் தாளில் ஒரே வரி விழுந்தது: பிழை எண் நான்கு.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தலையைத் தூக்கினால் ஜன்னலுக்கு வெளியே டிரைவர் சார் நிற்கிறார். முழங்கால் வரை வெள்ளையாக உப்பு. ஒரு காலில்தான் செருப்பு. கண்ணாடி வழியாகப் பிரிண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்ன கோளாறு என்று அவருக்குப் புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. கை பாதி மேலே வந்தது. பிறகு அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தூரத்து உப்புக் குவியல்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

வந்த கோபத்தில் எனக்குப் பயம் போய்விட்டது. புத்தகத்தைப் புரட்டினேன். காகிதம். இருந்தது. மூடி. மூடித்தான் இருந்தது, ஆனாலும் கையை வைத்து ஓர் அமுக்கு அமுக்கினேன். உப்புக்காற்றில் கொக்கி துருப்பிடித்துச் சரியாக விழாமல் நின்றிருக்கிறது. "டொக்" என்று விழுந்தது. அடுத்த நொடி பிரிண்டர் போட்ட சத்தத்தில் ஹெட் கிளார்க் இரண்டு எட்டு பின்னால் போனார்.

பட்டியலை அதிகாரி கப்பல் கப்பலாகச் சரி பார்த்தார். "மெஷின் இங்கேயே இருக்கட்டும்" என்றார். பிறகு என் முழுப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

நான் வெளியே ஓடினேன். டிரைவர் சார் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் சார் திரும்பிக்கிட்டிய? உயிரே போயிட்டு எனக்கு."

"நான் ஒரு விரல நீட்டியிருந்தாலும் நான் ஓட்டுனதா ஆயிருக்கும்லா?"

"ஜீப் எங்க?"

"உப்பளத்து வாய்க்கால்ல. புத்தகம் நல்ல புத்தகந்தான். நிறுத்துறது எட்டாம் பக்கம். நான் ஆறாம் பக்கத்துல இருக்கும்போதே உப்பளம் வந்துட்டு."

உள்ளே வாங்க என்றேன். அதிகாரி போகட்டும் என்றார். அதிகாரி கிளம்ப ஒன்றரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் வெயிலில் அந்தப் படியிலேயே இருந்தார். இடையில் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கும்போது கை நடுங்கித் தண்ணீர் பாதி சிந்தியது. ஜீப் ஓட்டினதால் என்றார். நானும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் இன்னொரு தம்ளர் கொண்டுவந்தேன்.