பதின்மூன்று எழுத்தும் ஒரு கெட்டிமேளமும்

எனக்கு வயது எழுபத்து நாலு. பெற்று வளர்த்தது மூன்று பேர். இரண்டு பையன்கள், ஒரு பெண். இந்தக் கை தொட்டுக் கெட்டுப்போன காரியம் ஒன்றுகூடக் கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். (ஊரும் ஆமாம் என்றுதான் சொன்னது. மறுத்துப் பேச நான் யாருக்கும் இடம் கொடுத்ததில்லை.) ஒரே ஒரு காரியம் கெட்டது. அதுவும் மண்டபம் நிறைய ஜனம் பார்க்க, மேளம் கொட்ட, ஆளுயரத் திரையில் கெட்டது. அதை நானே சொல்லிவிடுவது நல்லது. என் பிள்ளைகள் சொல்லும்போது அந்தத் திரை வருடத்துக்கு வருடம் பெரிதாகிக்கொண்டே போகிறது.

நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து தெரியும், ஆனால் ஒவ்வொன்றாகத்தான் தெரியும். பஸ்ஸில் ‘வெள்ளகோவில்’ என்று போட்டிருந்தால், நான் ‘வெ’யில் கிளம்பி ‘ல்’லுக்கு வந்து சேர்வதற்குள் பஸ் வெள்ளகோவிலுக்கே போய்ச் சேர்ந்துவிடும். இப்படிப்பட்டவள்தான் கம்ப்யூட்டரில் எழுத்தை ஆட்டி வைக்கக் கிளம்பினேன்.

பெருந்துறையில் என் பெரியவன் பழனிச்சாமி வீட்டில் இருக்கிறேன். அவன் மனைவி கவிதா, மாடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறாள். முறுக்குத் தட்டைக் கொண்டுபோய் வைக்கிற சாக்கில் நானும் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். அங்கே யாரும் பக்கம் பக்கமாக எழுதுவதில்லை. திரையில் கலர் கலராகக் கட்டைகள் இருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு வேலை. ‘நகரு’ என்று ஒரு கட்டை, ‘ஒரு நொடி பொறு’ என்று ஒன்று, ‘பெரிதாகு’, ‘சிறிதாகு’ என்று இரண்டு. ஒன்றின் கீழ் ஒன்றாக இழுத்து வைத்தால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். (வறட்டி அடுக்குவதைவிடச் சுலபம். வாசமும் இல்லை.) அடுக்கி முடித்து மேலே இருக்கிற பச்சைக் கொடியை அமுக்கினால், கட்டையில் சொன்னபடி எழுத்து ஓடும், குதிக்கும், சுற்றும். ஒரு பெயரை மொத்தமாகக் கொண்டுவந்து கொட்டாமல் எழுத்து எழுத்தாகத் திரைக்குக் கூட்டி வரலாம். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அத்தனை வயதில் முதல் தடவையாக, எழுத்து என் வேகத்துக்கு வந்தது.

ஆனால் நான் கட்டை அடுக்கியது விளையாட்டுக்கு அல்ல. என் பையன்கள் இரண்டு பேரும் மூன்று வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை. அதற்குக் காரணமும் எழுத்துத்தான்.

என் மகள் சுமதியின் மூத்த பிள்ளைக்குக் காது குத்தியபோது மண்டபத்து வாசலில் பேனர் வைத்தார்கள். காதுகுத்து என்றால் எங்களுக்குத் தாய்மாமன்தான் எல்லாம். அவன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவோம். அந்தப் பேனரில் பெரியவன் பெயர் பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. சின்னவன் செந்தில்குமாரின் பெயர் சுண்டைக்காய் அளவு. அந்தச் சுண்டைக்காயிலும் பாதி, அங்கே கட்டியிருந்த வாழைமரத்துக்குப் பின்னால். பேனர் அடித்த ஆள் செய்த வேலை அது. பெரியவனாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “எடம் பத்தீருக்காதுடா. பேருதானே, உடு” என்று சொல்லிப்போட்டான். சின்னவன் இலையில் உட்காராமலேயே காங்கேயத்துக்கு வண்டியேறிவிட்டான். அதன் பிறகு ஒருவன் வாசலை ஒருவன் மிதிக்கவில்லை.

இப்போது சுமதியின் இரண்டாவது பெண்ணுக்குக் காது குத்த வேண்டும். அவள் வந்து என் மடியில் விழுந்து அழுதாள். “ரெண்டு அண்ணனும் மேடையில நிக்கோணுமுங்கம்மா. இல்லீன்னா எம்புள்ளைக்குக் காதே குத்த மாட்டேன்.”

நான் சின்னவனுக்குப் போன் போட்டேன்.

“இந்தத் தடவ பேனரே கெடையாது கண்ணு. மண்டபத்துல பெரிய டிவியாட்ட ஸ்கிரீன் இருக்குது. அதுலதான் மாமன்மாரு பேரு வரும்.”

“மொதல்ல யாரு பேருங்க?”

“ரெண்டும் ஒரே சமயத்துல. அவன்ற பேரு இந்தப் பக்கமிருந்து வரும், உன்ற பேரு அந்தப் பக்கமிருந்து வரும்.”

“எழுத்துங்க?”

“ஒரே அளவு. ஒரே மஞ்சக் கலரு. ஒரு நூலு கூட வித்தியாசம் இருக்காது.”

“அண்ணிதானுங்க செய்யறாங்க? அப்ப அண்ணம்பேரு பெருசாத்தான் வரும். நான் வரலீங்க.”

“அவ இல்லடா. நாஞ் செய்யறேன்.”

அவன் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றுவது கேட்டது.

“ஏனுங்கம்மா, நீங்களா?”

“ஏன், உன்னப் பெத்தது மட்டும் ஆளு வெச்சா பெத்தேன்?”

“சரிங்க. அண்ணி கை படாம நீங்களே செஞ்சீங்கன்னா வாரேனுங்க.”

அவ்வளவுதான். அன்றைக்கே கவிதாவை அவள் வகுப்பறையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டேன். “அத்தே, ஒருக்கா நான் பாத்துத் தாரேனுங்க” என்று கதவருகே நின்று கெஞ்சினாள். “நீ எட்டிப் பாத்தாலே அவன் வரமாட்டான், போ அம்மணி” என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் மாடியில் குடியிருந்தேன். ‘பழனிச்சாமி’ ஆறு எழுத்து, ‘செந்தில்குமார்’ ஏழு எழுத்து. (ஒன்று குறைந்ததற்குப் பெயர் வைத்த என் மாமனார்தான் பொறுப்பு.) பதின்மூன்றையும் மஞ்சளில் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கட்டை அடுக்கினேன். பூக்கட்டுகிற நூலைத் திரையில் வைத்து ஒவ்வொரு எழுத்தின் உயரத்தையும் அளந்தேன். தராசில் வைத்தாலும் சமமாகத்தான் நின்றிருக்கும்.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் இன்றைக்கும் தலை நிமிர்ந்து நடப்பேன். வகுப்பில் பிள்ளைகள் ஒரு வித்தை செய்வார்கள். கம்ப்யூட்டருக்குக் காது உண்டு. சத்தம் கேட்டால் எழுத்து பெரிதாக வேண்டும் என்று ஒரு கட்டை வைத்தால், கை தட்டத் தட்ட எழுத்து எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பும். மாமன் பெயர் வரும்போது ஜனம் கை தட்டும், பெயர் பூரிக்கும், என் பையன்களும் பூரிப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். இந்தக் கட்டைகளை எல்லாம், சொன்ன வேலையை நிற்காமல் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற ‘எப்போதும்’ என்கிற பெரிய கட்டைக்குள் வைக்க வேண்டும். வைத்தேன். என் பிள்ளைகள் பெயர் எப்போதும் இருக்க வேண்டாமா?

உப்பின எழுத்து பழையபடி ஆவதற்கு ‘சிறிதாகு’ கட்டையையும் சேர்க்க வேண்டும் என்று கவிதா வகுப்பில் சொல்லியிருக்கிறாள். என் காதில் விழாமல் இல்லை. அந்தக் கட்டையைக் கையில் பிடித்து இழுத்தும் வந்தேன். அப்புறம் யோசித்தேன். நான் பெற்ற பிள்ளைகள் பெயரை நானே எதற்குச் சிறிதாக்க வேண்டும்? பெயர் சிறுத்துப் போனதால் வந்த சண்டைதானே இத்தனையும்? கட்டையைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். பெரியவன் மகள் யாழினியைக் கூப்பிட்டு நாலு தடவை கை தட்டச் சொன்னேன். பதின்மூன்று எழுத்தும் ஒன்றுபோல லேசாக உப்பி நின்றன. பார்க்க அவ்வளவு லட்சணம். எனக்கு நானே திருஷ்டி சுற்றிப் போட்டுக்கொண்டேன்.

வெள்ளகோவில் பக்கம் ஒரு மண்டபம். சொன்னபடி சின்னவன் வந்துவிட்டான். மேடைக்கு இடது பக்கம் அவன், வலது பக்கம் பெரியவன், ஒருத்தனை ஒருத்தன் பார்க்காமல் நின்றார்கள். நடுவில் அந்தத் திரை. ஸ்கிரீன்காரர் லேப்டாப்பில் ஒயரை மாட்டி, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு, “பாட்டிம்மா, கொடிய அமுக்கினாப் போதுமுங்க” என்று சொல்லி முதல் பந்திக்குப் போய்விட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சுமதியின் மாமியார், அதாவது என் சம்பந்தியம்மா, பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார்.

“ஏனுங்க சம்பந்தி, இது என்னதுங்க?”

“நாஞ் செஞ்சதுங்க. பாருங்க” என்றேன்.

பெரியவன் மணையில் உட்கார்ந்தான். மூத்தவன் மடியில்தான் உட்கார வைப்பது முறை. சின்னவனும் அதற்கு ஒத்துக்கொண்டுதான் வந்திருந்தான். அவனுக்குப் பெயர் சரியாக வந்தால் போதும். குழந்தையை மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். “கெட்டிமேளம்!” என்று யாரோ கத்தினார்கள். நான் கொடியை அமுக்கினேன்.

இந்தப் பக்கமிருந்து ‘ப’ வந்தது. அந்தப் பக்கமிருந்து ‘செ’ வந்தது. ஒரே சமயத்தில், ஒரே அளவில். சின்னவன் முகத்தில் மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரு சிரிப்பைப் பார்த்தேன். அடுத்த எழுத்து வருவதற்குள் தவில்காரர் இரண்டு கையாலும் வெளுக்க ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் நான் சோதித்தது யாழினியின் பிஞ்சுக் கை. இங்கே இரண்டு தவில், இரண்டு நாதஸ்வரம், காதுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் பெட்டி. எழுத்து உப்பியது. உப்பிக்கொண்டே போனது. ‘ப’ தொட்டி மாதிரி ஆனது. ‘செ’ அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கடைசியாக அடுக்கினது முன்னால் நிற்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஒரு மூச்சு விடுவதற்குள் திரையில் சின்னவனின் எழுத்து மட்டும் நின்றது.

பெரியவன் திரும்பிப் பார்த்தான். “ஏனுங்கம்மா! என்ற பேரு எங்கீங்க?”

“வரும் சாமி! பின்னால இருக்குது!”

“வாழமரத்துக்குப் பின்னாலயாட்டவா?” என்று அவன் குழந்தையைச் சுமதியிடம் கொடுத்துவிட்டு எழுந்தான்.

மேடையில் சீர்த்தட்டோடு நின்ற கவிதா என்னைப் பார்த்துக் கையைக் கையை ஆட்டினாள். பாராட்டுகிறாளாக்கும் என்று நானும் ஆட்டினேன். (நிறுத்துவதற்குச் சிவப்பு வில்லை ஒன்று கொடிக்குப் பக்கத்திலேயே உண்டாம். அதை அவள் சொல்லிக்கொடுத்த அன்றைக்கு நான் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தேன்.) அதற்குள் மற்ற எழுத்துகளும் வந்து உப்பிச் சேர்ந்தன. இப்போது ‘செ’வும் இல்லை, ‘ப’வும் இல்லை. திரை முழுக்க ஒரே மஞ்சள். மேடையே நடு மத்தியான வெயிலில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது.

ஆசாரி கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். “கண்ணு கூசுதுங்க. காது எது, மூக்கு எதுன்னு தெரியல. நான் ஊசி வெக்க மாட்டேனுங்க.”

“மேளத்த நிறுத்துங்க!” என்று கத்தினேன். “காது குத்தற நேரத்துல மேளத்த நிறுத்தறதா?” என்று ஜனம் என்மேல் பாய்ந்தது. அந்தச் சத்தத்தில் எழுத்து இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்கும். நல்லவேளை, வளர்வதற்குத் திரையில் இடம் இல்லை.

கீழே விரித்திருந்த ஜமக்காளத்தைச் சின்னவன் சுருட்டித் தூக்கினான். மறுமுனையைப் பிடிக்க ஆள் தேடினான். பக்கத்தில் நின்றது பெரியவன் ஒருத்தன்தான்.

“அண்ணா, அந்தத் தலப்பப் புடிங்க.”

“தூக்குடா. இன்னுஞ் சித்தெ மேல.”

மூன்று வருடத்துக்குப் பிறகு என் பிள்ளைகள் பேசிய பேச்சு இதுதான். இரண்டு பேரும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி, ஜமக்காளத்தை விரித்துத் திரையை மறைத்து நின்றார்கள். வெளிச்சம் அடங்கியது. ஆனால் மணை காலியாக இருந்தது. குழந்தை வீரிட்டது. நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சம்பந்தியம்மா எழுந்தார். “மாமன்மாரு ரெண்டு பேருக்கும் வேல இருக்குதாட்ட. நேரம் போவுதுங்க. எங்க பக்கத்துல ஒருத்தர உக்கார வெச்சுப்போடலாமுங்களா?”

“வேண்டாமுங்க!” என்று நாற்காலி மேலிருந்து இரண்டு குரல் ஒன்றாகக் கேட்டது.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் குதித்தார்கள். ஜமக்காளத்தின் ஒரு முனை மாப்பிள்ளை கைக்குப் போனது, மறுமுனை சம்பந்தியம்மா கைக்குப் போனது. (எட்டவில்லை என்று அவரையும் நாற்காலியில் ஏற்றிவிட்டோம். அந்தக் கோலத்தைப் பார்த்தபோது எனக்கு ஒரு சின்ன திருப்தி இருந்தது என்பதை மறைக்கவில்லை.) ஒருத்தருக்குப் போட்ட மணையில் என் பையன்கள் இரண்டு பேரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். குழந்தையின் ஒரு தொடை அவன் மடியில், ஒரு தொடை இவன் மடியில்.

“வலது காது உங்களுதுங்கண்ணா.”

“எடது உன்றது. கெட்டியாப் புடி, ஒதைக்குது பாரு.”

ஆசாரி குத்தி முடித்தார். ஸ்கிரீன்காரர் பாயச வாசத்தோடு வந்து சிவப்பு வில்லையை அமுக்கினார். சின்னவன் அன்றைக்கு இலையில் உட்கார்ந்து இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். பரிமாறியது பெரியவன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது குரலை உயர்த்தினால், “மெதுவாப் பேசுங்க, எழுத்து வளந்துரும்” என்பார்கள். பேசினவர் சிரித்துவிடுவார். எங்கள் சொந்தத்தில் இரண்டு மாமன் இருக்கிற வீடுகளில் இப்போதெல்லாம் ஆளுக்கொரு காது என்று ஒரு புது முறையே வந்துவிட்டது. பெரியவர்கள் காலத்திலிருந்து வந்த வழக்கம் என்று போன மாதம் ஒருத்தர் என்னிடமே விளக்கினார். நான் ஆமாமுங்க என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

யாழினி, இங்கே வா கண்ணு. நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒரு தடவை படித்துக் காட்டு. உன் அப்பன் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது, உன் சித்தப்பன் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிக்கொண்டே படி. ஒன்று கூடவோ குறையவோ இருந்தால் இப்போதே சொல்லிவிடு.