என் வெள்ளையணுக்கள் வாய் திறக்காத கதை

பரிசோதனை என்று யார் சொன்னாலும் என் கை தானாகக் கறை துடைக்கப் போய்விடும். குற்றம் என்னுடையதில்லை, தொழிலுடையது. முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். சரக்கு வாங்கும் பையரின் ஆள் பீஸைப் பார்க்க வருவதற்கு முதல் நாளே கறை எடுக்கும் மருந்தை அடித்து, பிசிறு வெட்டி, அயர்ன் போட்டு, மணப்பெண் மாதிரி அடுக்கிவிடுவோம். (பத்தாம் வகுப்புப் பரீட்சையில் இந்த வசதி இல்லாததால்தான் நான் ஃபெயில்.)

இப்படிப்பட்ட என்னிடம்தான் தங்கச்சி சுகன்யா ரத்தம் கேட்டாள்.

அவள் கோயமுத்தூரில் எம்.எஸ்ஸி. கடைசி வருஷம். நரம்புகள் ஒன்றோடொன்று பேச ஏதோ ரசாயனம் விடுமாம். அதே சரக்கை, கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளையணுக்களும் விடுமாம். பத்துப் பேர் ரத்தத்திலிருந்து அந்த அணுக்களைப் பிரித்து, உசுப்பிவிட்டு, எவ்வளவு விடுகின்றன என்று அளப்பதுதான் அவள் பிராஜெக்ட். ஒன்பது பேர் முடிந்திருந்தார்கள். பத்தாவது ஆள் ஊசியைப் பார்த்ததும் ஓடிவிட்டான்.

"நீ பேசற பேச்சுக்கு உன்ற செல்லு மிசினையே ஒடச்சுப் போடும்ணா. வா" என்றாள்.

ஒரே நிபந்தனை, உடம்பு நல்லா இருக்கணும், மாத்திரை எதுவும் போட்டிருக்கக் கூடாது. எனக்கோ பஞ்சு தூசியில் ஓயாத தும்மல். தும்மிக்கொண்டே போனால் ரிஜெக்ட் செய்துவிட மாட்டார்களா? மருந்துக்கடையில் சொல்லி, காகிதக் கவரில் மாத்திரை வாங்கி நான்கு நாள் விழுங்கினேன். தும்மல் போன இடம் தெரியவில்லை. முதல் தரமான பீஸாக லேபில் போய் உட்கார்ந்தேன். மாத்திரை ஏதாவது போட்டாயா என்று கேட்டதற்கு, அது வட்டமா சதுரமா என்றே எனக்குத் தெரியாது என்றேன்.

மறுநாள் ராத்திரி வீட்டில் சுகன்யா சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். என் அணுக்கள் எதையும் விடவில்லையாம். எவ்வளவு உசுப்பியும் ஒரு பொட்டுக்கூட இல்லை. கூச்ச சுபாவமா இருக்கும் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"என்ற கைதான் தப்பு. அப்ப அந்த ஒம்போது பேர்த்துக்கும் தப்பாத்தான் பண்ணியிருப்பேன். நாளைக்கு கைடு மேடத்துகிட்ட எல்லாத்தையும் கடாசச் சொல்லிடறேன். ஒரு வருசம் போனாப் போகுது."

சொல்லிவிட்டு நோட்டை மூடினாள். கண்ணீர் ரசத்தில் விழுந்தது. சட்டைப் பையில் மிச்ச மாத்திரையோடு இருந்த கவரை எடுத்து அவள் தட்டருகே வைத்தேன்.

"என்னண்ணா இது?"

"கறை எடுக்கற மருந்து."

அவள் என்னை அடிக்கவில்லை. (அடித்திருந்தால் தேவலை.) எழுந்துபோய் மாத்திரை அட்டையைப் படம் எடுத்து மேடத்துக்கு அனுப்பினாள். அதில் ஸ்டீராய்டு இருக்கிறது, அந்த அணுக்களை அடக்கி உட்கார வைத்துவிடும் என்று பதில் வந்தது. உங்கள் அண்ணனையும் கூட்டி வாருங்கள் என்று இன்னொரு வரியும் வந்தது.

காலையில் மொத்த லேபும் சுற்றி நிற்க, வாக்குமூலம் கொடுத்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏனுங்க தம்பி, பையர்கிட்டயும் இப்படித்தானுங்களா?"

"இல்லீங்க மேடம். அங்க இன்னும் நல்லாப் பண்ணுவோமுங்க."

முதலில் சிரித்தது சுகன்யாதான். கை சுத்தம் என்று தெரிந்த சந்தோஷம் அவளுக்கு. ஒன்பது பேரின் கணக்கும் தப்பித்தது.

மாத்திரையை நிறுத்தி, ஒரு மாதம் கழித்து, தூசித் தும்மல் பரவாயில்லை என்று மேடம் சொன்னதால் மூக்கொழுகத் தும்மிக்கொண்டே போய் மறுபடி ரத்தம் கொடுத்தேன். இந்த முறை பத்துப் பேரில் அதிகமாக விட்டது என் அணுக்கள்தானாம். வாயாடுவது குடும்பப் பழக்கம், எங்கே போகும்?

சுகன்யா பாஸாகி வேலைக்கும் போய்விட்டாள். ஆனால் இன்றைக்கும் வீட்டில் நான் இரண்டு நிமிஷம் பேசாமல் இருந்தால் போதும், அடுப்படியிலிருந்து அம்மா கேட்டுவிடுவாள்:

"என்ன சாமி, மாத்திரை கீத்திரை போட்டுட்டயா?"