வெள்ளை ராணியை அறுத்துப் பார்த்த கதை

சந்தேகம் வந்துவிட்டால் போதும், மனுஷனுக்கு மூளை பிரமாதமாக வேலை செய்வதுபோல ஒரு தோற்றம் உண்டாகிவிடும். கண்ணில் படுவதெல்லாம் துப்பாகத் தெரியும். எதிரே நிற்பவன் தும்மினாலும் யாருக்கோ ஜாடை காட்டுகிறான் என்று தோன்றும். பசங்களா, உங்கள் அப்பாவுக்கு வாலிபத்தில் இந்த வியாதி முற்றிப்போய் இருந்தது. அதனால் நீங்கள் இரண்டு பேரும் பிறக்காமலே போயிருப்பீர்கள்.

அப்போதும் செங்கல்பட்டில் இதே கடைசல் பட்டறைதான். கட்டில் கால், சோபா கால், சப்பாத்திக் கட்டை. மரத்தை லேத்தில் மாட்டிச் சுழலவிட்டு, உளியைச் சரியாகப் பிடித்தால் உருட்டாக எது வேண்டுமானாலும் வரும். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்கு அதில் கொஞ்சம் திமிரும் உண்டு. மரத்தைக் கையில் எடுத்தாலே இது தேக்கு, இது வாகை, இது வெப்பாலை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். செஸ் மட்டும் தெரியாது. (கேரம் தெரியும். அதிலும் சிவப்புக் காய் எனக்கு விழுந்ததே இல்லை.)

அந்தச் சமயத்தில் திருவிடந்தையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. போட்டோவும் வந்திருந்தது. மரத்தூள் படிந்துவிடக் கூடாதே என்று அதற்கு பிளாஸ்டிக் உறை போட்டுச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். டீ குடிக்கும்போது ஒரு தடவை பார்ப்பேன். டீ குடிக்காதபோதும் பார்ப்பேன். அந்தப் பெண் கிடைக்காவிட்டால் வாழ்நாள் முழுக்கச் சப்பாத்திக் கட்டை மட்டும் கடைந்துகொண்டு கிடக்க வேண்டியதுதான் என்று முடிவே செய்துவிட்டேன்.

"விசாரிச்சிட்டு சொல்றோம்னு சொல்லிகிறாங்க. கொஞ்ச நாளைக்கு ஒழுங்கா இருடா" என்றாள் அம்மா.

நான் ஒழுங்காக இருந்தேன். மரத்தூளுக்கு நடுவே இஸ்திரி போட்ட சட்டையில் வேலை செய்தேன். அப்படி ஒழுங்காக இருந்த ஒரு காலையில்தான் அந்த ஆள் வந்தார்.

கூலிங் கிளாஸ், தொப்பி, அடர்த்தியான மீசை. பைக்கை நிறுத்திவிட்டுக் கடையை வெளியிலிருந்தே மேலும் கீழும் பார்த்தார். உள்ளே வந்து, மடித்த கைக்குட்டையை எடுத்து அவிழ்த்தார். உள்ளே வெள்ளையாக ஒரு செஸ் காய். தலையில் கிரீடம் மாதிரி பல்பல்லாக இருந்தது.

"ராணி. இதுக்கு ஜோடி கறுப்பு ராணி தொலைஞ்சிட்ச்சி. கறுப்புல ஒண்ணு கடைஞ்சி தரணும். இதே ஒசரம், இதே கனம். கனம் முக்கியம்" என்றார்.

கையில் வாங்கினேன். மரம் வெப்பாலை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சுண்டு விரல் உயரத்துக்குச் சற்று கூடுதலான வெப்பாலைத் துண்டு இவ்வளவு கனக்கவே கனக்காது. அடியில் பச்சைத் துணி ஒட்டியிருந்தது. மரச் சாமானுக்குத் துணி எதற்கு? எதையோ மறைக்கத்தானே?

"எந்த ஊருங்க?" என்றேன், சும்மா கேட்பதுபோல.

"கூடுவாஞ்சேரி" என்றார்.

நான் பைக்கைப் பார்த்தேன். சைலன்சர் முழுக்க உப்புக்காற்றில் தின்ற துரு. கால் வைக்கும் இடத்தில் கடற்கரை மணல். கூடுவாஞ்சேரியில் ஏதப்பா கடல்?

அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகள் இருக்கிறதே! "கட சொந்தமா, வாடகையா?" "தண்ணி, பீடி பழக்கம் கீதா?" "கோவம் வருமா ஒனக்கு?" "வெளியூர் போற வழக்கம் உண்டா?" பழக்கம் இல்லை, கோபம் வராது, எங்கும் போவதில்லை என்றேன். நான் லேத்துப் பக்கம் திரும்பியதும் கிளிக் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் போனைப் பைக்குள் போடுகிறார். போட்டோ எடுத்திருக்கிறார்!

போகும்போது வாசலில் நின்று, "பாத்துப்பா. இதுக்கு ஒண்ணு ஆச்சின்னா எனக்கு வூட்ல சோறு கெடையாது" என்றார்.

(எந்த வீடு, யாருடைய சோறு என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.)

அவர் போனதும் எதிர் டீக்கடை பாஷா பாய் ஓடி வந்தார். சந்தேகத்தில் அவர் எனக்கு அண்ணன்.

"தம்பி, அந்தாளு நேத்தே வந்து எங்கிட்ட ஒன்ன பத்தி விசாரிச்சான்பா. எத்தினி மணிக்கு வருவான், யார் கூட சுத்துவான்னு நோண்டி நோண்டி கேக்கறான். இன்னா மேட்டரு?"

நான் ராணியை அவர் கையில் வைத்தேன். அவர் தூக்கிப் பார்த்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யார் முதலில் சொன்னது என்று இன்றைக்கும் எங்களுக்குள் தகராறு உண்டு. ஆனால் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: தங்கம்.

எல்லாம் பொருந்தி வந்தது. தங்கம் மகாபலிபுரம் கடற்கரையில் படகில் வந்து இறங்குகிறது. செஸ் காய்க்குள் போய் உட்காருகிறது. கறுப்புக் காய் செய்ய ஒரு ஆள் வேண்டும். குடிக்காத, கோபம் வராத, வெளியூர் போகாத ஆள். என்னைக் கும்பலில் சேர்க்கத்தான் இந்த விசாரணை!

"தொறந்து பாருப்பா" என்றார் பாஷா பாய்.

ராணியை லேத்தில் மாட்டினேன். சுழலவிட்டு அடிப்பக்கத்தில் உளியை வைத்தேன். இரண்டு மூச்சு விடுவதற்குள் அடி தனியாக, உடம்பு தனியாக வந்துவிட்டது. உள்ளிருந்து ஒரு கட்டி பொத்தென்று மரத்தூளில் விழுந்தது. சாம்பல் நிறம்.

"சாயம் பூசிகிறானுங்க" என்றார் பாஷா பாய், கொஞ்சமும் அசராமல்.

நகத்தால் கீறினேன், கோடு விழுந்தது. தங்கமும் மெத்தென்றுதான் இருக்குமாம். அரத்தை எடுத்துத் தேய்த்தேன். சாம்பல். இன்னும் தேய்த்தேன். சாம்பல். "இன்னும் உள்ள போ, இன்னும் உள்ள போ" என்று அவர் ஊக்கப்படுத்த, நான் போய்க்கொண்டே இருந்தேன். கடைசியில் கையில் கட்டியே இல்லை; தேய்த்ததெல்லாம் மரத்தூளோடு கலந்துபோய், காகிதத்தில் ஒரு சிட்டிகைத் தூள்தான் மிச்சம். அப்போதும் எங்களுக்குப் புத்தி வரவில்லை. "பாத்தியா, எவ்ளோ கெட்டியா சாயம் பூசிகிறானுங்க!" என்றார் பாய். நானும் ஆமாம் என்றேன்.

மறுநாள் அந்த ஆள் வந்தார்.

"வாங்க அண்ணாத்த, ரெடியா கீது. உள்ள போயி பலகை மேல பாருங்க" என்றேன். அவர் உள்ளே போனார். நான் ஒரே தாவலில் வெளியே வந்து ஷட்டரை இழுத்துவிட்டுப் பூட்டைப் போட்டேன்.

"யோவ்! இன்னாயா பண்றே? தெறய்யா!" என்று உள்ளே தடதடவென்று தட்டினார்.

பாஷா பாய் கூட்டம் சேர்த்தார். ஆட்டோ ஸ்டாண்டே வந்துவிட்டது. நான் ஒரு ஸ்டூலின் மேல் ஏறி, கடத்தல் எப்படி நடக்கிறது என்று விளக்கினேன். யாரோ வீடியோ எடுத்தார்கள். போலீசுக்கு யார் போன் செய்வது என்று பேச்சு வந்தபோது என் போனே அடித்தது. அம்மா.

"டேய், எங்கடா கீறே? பொண்ணு வூட்லேர்ந்து அழுதுகினு போன் பண்றாங்கடா! பொண்ணோட தாய்மாமன் ஒன்ன பாக்க ஒன் கடைக்கி வந்தாராம். எவனோ ஒரு கம்னாட்டி அவர உள்ள வெச்சி பூட்டிட்டானாம். ஓடிப்போயி தெறந்து வுடுடா. நல்ல பேரு கெடைக்கும்!"

ஸ்டூலிலிருந்து எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து விசாரிப்பது ஊர் உலகத்தில் உள்ள வழக்கம். அதற்காகத்தான் நான் இஸ்திரிச் சட்டையே போட்டிருந்தேன். விசாரிக்க வந்தவரைத்தான் பூட்டி வைத்திருக்கிறேன்.

அந்த நொடியிலும் எனக்குள் ஒரு அயோக்கியன் விழித்துக்கொண்டான். யாரோ பூட்டினார்கள், நான்தான் காப்பாற்றினேன் என்று சொன்னால் என்ன? பரபரவென்று பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கி, "ஐயோ மாமா! யாரு மாமா இப்டி பண்ணது?" என்றேன்.

மாமா பதில் சொல்வதற்குள் பாஷா பாய் என் முதுகைத் தட்டி, கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "இவன்தான்! இவன்தான் கண்டுபுட்ச்சான், இவனே பூட்டனான்! சிங்கம்பா எங்க புள்ள!"

மாமா கூலிங் கிளாஸைக் கழற்றினார். தலை, மீசை எல்லாம் மரத்தூள். கையில் ராணியின் இரண்டு துண்டுகள். அதை நிதானமாகக் கைக்குட்டையில் சுற்றினார். "கோவம் வருமான்னு கேட்டனே, அது ஒண்ணுதான் சரியா சொன்னே. கோவம் வர்ல. பூட்டுதான் வர்து" என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி அம்மா சோற்றுத் தட்டை என் முன்னால் நங்கென்று வைத்துவிட்டுப் போனாள். சம்பந்தம் போயிற்று என்று நான் போட்டோவை எடுத்துக் கடைசியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. பெண் குரல்.

"ராணிய அறுத்தது நீங்கதானா?"

"ஆமாங்க."

"எதுக்கு?"

"உள்ள தங்கம் கீதுன்னு நெனச்சி..."

"இருந்துச்சா?" என்றாள்.

பசங்களா, உங்கள் அம்மா என்னிடம் கேட்ட மூன்றாவது கேள்வி அது. நான் இல்லைங்க என்றேன். அது ஈயம் என்றும், காற்றடித்தாலும் கை பட்டாலும் காய் சாயாமல் நிற்க எல்லாக் காயின் அடியிலும் கனம் வைப்பார்கள் என்றும் அவள்தான் சொன்னாள். அந்த செட் பள்ளிக்கூடத்தில் அவள் ஜெயித்து வாங்கிய பரிசாம்.

"இப்ப கறுப்பும் இல்ல, வெள்ளையும் இல்ல. ரெண்டு ராணியும் பழைய கனத்துக்கே செஞ்சி எடுத்துகினு வாங்க. சரியா வந்தா மேல பேசலாம். வர்லன்னா மாமாகிட்ட நானே வேணாம்னு சொல்லிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

கட்டில் கால் கடைகிற கைக்கு ராணி அவ்வளவு சுலபத்தில் வருவாளா? முதல் ராணி குட்டிக் கட்டில் கால் மாதிரியே இருந்தாள். அடுத்தவளுக்குக் கழுத்தை மெலிதாக இழைக்கும்போது தலை பறந்து பாஷா பாயின் பால் சட்டியில் விழுந்தது. உளியை அமுக்கினால் நார் பிய்கிறது; லேசாகப் பிடித்தால் துள்ளுகிறது. கட்டில் காலுக்கு உடம்பு பலம் வேண்டும். இதற்கோ மூச்சை அடக்கி, விரல் நுனியால் உளியிடம் கெஞ்ச வேண்டும். ஒருவழியாக வெப்பாலையில் ஒருத்தி, கறுத்த ஈட்டி மரத்தில் ஒருத்தி உருவம் கொண்டார்கள். கிரீடத்தின் பற்களைச் சின்ன அரத்தால் ஒவ்வொன்றாக ராவினேன். (நல்லவேளை, தொலைந்தது குதிரை இல்லை. குதிரைத் தலை லேத்தில் வராது, கையால்தான் செதுக்க வேண்டும். அப்படியென்றால் இன்னமும் நான் பிரம்மச்சாரிதான்.)

கனத்துக்கு என்ன செய்வது? அளந்து பார்க்க ஈயமே இல்லை, நான்தான் தேய்த்துத் தீர்த்துவிட்டேனே! ஆனால் அந்த ராணியின் கனம் என் உள்ளங்கையில் அப்படியே இருந்தது. அந்தக் கனம்தானே என்னைப் பைத்தியமாக்கியது. அதை நம்பி ஈயத்தைப் போட்டும் எடுத்தும் அடைத்தேன்.

திருவிடந்தையில் பெண் பார்க்கப் போனோம். சொஜ்ஜி, பஜ்ஜி வந்தது. பெண்ணும் வந்தாள். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. ராணிகளை வாங்கி, ஒரு கையில் என் ராணி, மறு கையில் பழைய செட்டின் ராஜா என்று மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தாள். அம்மாவுக்கு வாய்க்குள் பஜ்ஜி அப்படியே நின்றது.

"கழுத்து கொஞ்சம் தடி" என்றாள். பிறகு, "கனம் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கல்யாணம் நடந்தது. மாமா என்னை மன்னித்துவிட்டதாகத்தான் சொல்கிறார். ஆனால் இன்றைக்கும் பட்டறைக்கு வந்தால் வாசலிலேயே நின்று கையை நீட்டுவார். பூட்டையும் சாவியையும் அவர் கையில் கொடுத்தால்தான் உள்ளே காலை வைப்பார். கிளம்பும்போது திருப்பிக் கொடுப்பார்.

போன தீபாவளிக்கு முந்தின நாள் அவர் பூட்டைப் பையில் போட்டபடியே திருவிடந்தைக்குப் போய்விட்டார். கடை நிறைய சரக்கு. பூட்ட வழியில்லை. போன் செய்தேன்.

"மாமா, பூட்டு ஒங்க பாக்கெட்ல கீதா பாருங்க."

"அட ஆமா, கீது மாப்ள. காலைல எடுத்தாறேன். அதுவரிக்கும் கடைக்குள்ளயே குந்திகினு இரு. எப்டி கீதுன்னு அப்பறம் சொல்லு."

மறதியில்தான் எடுத்துக்கொண்டு போனாராம். உங்கள் அம்மாவும் அப்படித்தான் சொல்கிறாள். அதைச் சொல்லும்போது அவள் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்பதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.