ரயிலா, வாடகைக் காரா: அட்டவணையில் விடுபட்ட பதினைந்தாவது வரி

மெப்பல்,
ஏப்ரல் 9

அன்புள்ள அக்கா ரென்ஸ்கேவுக்கு,

தம்பி யோரிட் எழுதுவது. இங்கே நான், அம்மா, அப்பா மூவரும் நலம். மழையும் குறைவில்லாமல் நலம். அங்கே நீ, அத்தான் அலோய்ஸ், நான் இன்னும் நேரில் பார்க்காத மருமகள் லேனி, ஆடுகள் எல்லோரும் நலம் என்று வைத்துக்கொள்கிறேன். விசாரிப்பு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். ஏன் காகிதம் என்று கேட்பாய். போனில் அனுப்பினால் நீ உடனே அம்மாவைக் கூப்பிடுவாய், அம்மா ஸ்பீக்கரில் போடுவாள், அப்பா அடுத்த அறையில் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்பார். மூன்று வருஷமாக அப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். உனக்குத் தெரியாது.

லேனியின் ஞானஸ்நானத்துக்கு நீ அனுப்பிய அழைப்பில் கடைசியாக "அப்பாவும் வரலாம்" என்று எழுதியிருந்தாய். அதை அவர் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். ஆல்ப்ஸ் மலையில் இருக்கும் உன் ஊருக்கு ரயிலில் வருவதா, காரை வாடகைக்கு எடுத்து வருவதா என்பதுதான் நான்கு வாரமாகப் பிரச்சினை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வழக்கம்போல் வட்டமாக உட்கார்ந்தோம், ஆளுக்கு ஒரு காபி, ஒரு பிஸ்கட், இரண்டாவது கேட்பதற்குள் பிஸ்கட் டப்பா மூடியாயிற்று. நான் பதினாலு வரி அட்டவணை போட்டு வைத்திருந்தேன்: நேரம், களைப்பு, கழிப்பறை, எல்லாவற்றுக்கும் மதிப்பெண். ரயில் எழுபத்தொன்று, கார் அறுபத்துநாலு. பேச்சு அங்கேயே முடிந்திருக்க வேண்டும். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "கார்தான்" என்றார். "ஏன்ப்பா?" என்றேன். "கார்னா கார்தான். உன் கட்டத்துல எல்லாம் வராது." அம்மா அப்பாவிடம், "ஹார்ம், ஆல்ப்ஸ்ல ஏறணும், அது ஒண்ணும் நம்ம ஊர் சந்தைத் தெரு இல்ல" என்றாள். "ரெண்டையும் ஒத்திகை பாத்துடலாம்" என்றார் அப்பா. ஒத்திகை என்ற சொல்லை எதிர்க்க எனக்கு மனசு வரவில்லை. அது என் தப்பு.

முதல் சனிக்கிழமை கார். வாடகைக் கடையில் அப்பா கீறல்களைப் படம் எடுக்க ஆரம்பித்தார், நாற்பத்தாறு படம், சக்கரத்துக்கு உள்பக்கம் உட்பட. கடைப் பெண், "ஐயா, நீங்க காரை வாங்கலியே" என்றாள். பிறகு மலையேற்றப் பயிற்சி. நம் பக்கத்தில் ஏற்றம் என்று இருப்பது வெள்ளத்தடுப்புக் கரை ஒன்றுதான் என்பதால் அதன் சரிவில் பாதியில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, எடுத்து, போட்டு, எடுத்து, பதினோரு தடவை. பின்னால் ஒன்பது சைக்கிள், ஒரு டிராக்டர். ஒரு பெரியவர் சைக்கிளிலிருந்து இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"என்னப்பா, வண்டி நின்னுபோச்சா?"

"இல்ல, ஆல்ப்ஸுக்குப் பழகிக்கிறேன்."

"இங்கயா? சரி, ஓரமாப் பழகு. எனக்குக் காபி ஆறுது."

பன்னிரண்டாவது தடவை கார் பின்னால் உருண்டு டிராக்டரில் மெல்ல ஒரு முட்டு. நாற்பத்தேழாவது படம் அதுதான். அதற்குப் பிறகு அப்பா வீட்டுக்கு ஓட்டவில்லை. முன்பின் தெரியாத ஒரு தெருமுனையில், நீலக் கதவு போட்ட ஒரு வீட்டுக்கு எதிரே நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தார். "என்னப்பா பண்றீங்க?" "கைபிரேக் பாக்கறேன்." அட்டவணையில் "காரணமற்ற தாமதம்" என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை ரயில், உட்ரெக்ட் வரை, முழு மூட்டையோடு. ஜெர்மனியில் வண்டி மாற ஆறே நிமிஷம் என்பதால் நான் நேரம் பார்த்தேன். அப்பாவின் பெட்டியில் பன்னிரண்டு கிலோ உருளைக்கிழங்கு. "மலையில விளையறதெல்லாம் உருளையா?" என்கிறார். படிக்கட்டில் பெட்டி வாயைப் பிளந்தது, உருளை நடைமேடைக்கு எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. எட்டு நிமிஷம். தோல்வி. திரும்பும்போது, யாரும் பேசக்கூடாத அமைதிப் பெட்டியில் இடம் கிடைத்தது. அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எதிரே இருந்த அம்மாள் ஜன்னல் கண்ணாடியில் "அமைதி" என்று எழுதியிருந்ததை விரலால் காட்டினாள். அதற்குப் பிறகு குரல் இல்லை, உதடு மட்டும் அசைந்தது. நான் சாய்ந்து கேட்டேன். "ரென்ஸ்கே, நான் அன்னிக்கு..." அவ்வளவுதான். மறுபடி முதலிலிருந்து. "ரென்ஸ்கே, நான் அன்னிக்கு..." மெப்பலுக்கு முந்தின ஸ்டேஷனில், "இங்கயே இறங்கி நடந்துடலாமா?" என்றார். வீட்டுக்கு இருபத்தைந்து கிலோமீட்டர்.

அக்கா, அப்போதுதான் எனக்கு அந்த நீலக் கதவு புரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன் உன் கல்யாண விருந்தில் அறுபது பேர் முன்னால் அத்தான் கையால் செய்த ஆட்டுச் சீஸைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "இரண்டாந்தரம்" என்று சத்தமாகச் சொன்ன மனுஷர். முப்பத்தொரு வருஷம் சீஸ் ஆலையில் தரம் பார்த்த விரல். விருந்து என்று அதற்குத் தெரியவில்லை. காரில் வந்தால் உன் தெருமுனையில் நிறுத்தி, அந்த வாக்கியத்தை முடித்துக்கொண்டு வந்து மணி அடிக்கலாம். ரயில் அப்படியில்லை. நாலு பன்னிரண்டுக்குக் கதவு திறக்கும், நீ எதிரே நிற்பாய். ரயிலில் பயணிக்குக் கைபிரேக் கிடையாது. என் பதினாலு வரியில் இது இல்லை. பதினைந்தாவதாகச் சேர்த்தேன், கார் ஜெயித்துவிட்டது.

ஆனால் கரையில் பார்த்ததற்குப் பிறகு மலைப்பாதையில் அவரை ஓட்டவிட மாட்டேன். அம்மா மணிக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டமாட்டாள். நான் ரயில்வே சிக்னல் ஆள், லைசென்ஸே எடுக்கவில்லை. ஆகவே ரயில்தான், டிக்கெட் எடுத்தாயிற்று, மே இரண்டாம் தேதி. உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: தயவுசெய்து ஸ்டேஷனுக்கு வராதே. வீட்டிலேயே இரு. நாங்கள் நடந்து வருகிறோம். வழியில் மாதாகோவில் பெஞ்சில் அவரைப் பத்து நிமிஷம் உட்கார வைக்கிறேன். மணி அடித்தால் உடனே திற. மேஜையில் சீஸ் வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம். லேனி நன்றாகத் தூங்கி, உங்களையும் தூங்கவிடட்டும். ஆடுகளுக்குக் குளிர் தாக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி
யோரிட்

பி.கு.: தபால்தலை தேடி மாடிக்குப் போய் வந்தேன். அதற்குள் அப்பா சமையலறை மேஜையில் உட்கார்ந்து இதை முழுக்கப் படித்துவிட்டார். "வராதேன்னு எழுத உனக்கு யாருடா சொன்னது?" என்றார். பேனாவை வாங்கிக்கொண்டார். கீழே இருப்பது அவர் கையெழுத்து. நான் எதையும் திருத்தவில்லை.

ரென்ஸ்கே, ஸ்டேஷனுக்கு வா. பச்சைக் கோட்டு போட்டிருப்பேன். வண்டி லேட்டாகும், போயிடாதே, நில்லு. அந்தச் சீஸ் இரண்டாந்தரம்தான், அதை மாத்திச் சொல்ல எனக்கு வராது. ஆனா அன்னிக்கு நான் பேசினது மூணாந்தரம். — அப்பா