மூணு டப்பாவும் ஒரு காட்டோடையும்

போன ஞாயிற்றுக்கு முந்தைய ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு என் போன் அடித்தது. அந்த நிமிடத்திலிருந்துதான் எல்லாம் தப்பாகப் போகத் தொடங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வளைகாப்பு வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். பேசியது என் மகள் கோதை.

“அம்மா... ஓடையில தண்ணி வந்திருச்சு. நாங்க அக்கரையில மாட்டிக்கிட்டோம். பேக்க மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன்மா. இன்ஹேலர் வீட்டுல இருக்கு.”

ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே அவள் நெஞ்சு விசில் அடிப்பது எனக்குக் கேட்டது. “எந்த ஓடைடீ?” என்று கத்தினேன். “பிளவக்கல் டேம் போற வழியில... மாந்தோப்பத் தாண்டி...” என்றாள். அவ்வளவுதான். மறுபடி கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப்.

கோதைக்கு இருபத்தொரு வயது. நான்கு வயதிலிருந்து ஆஸ்துமா. நான் பள்ளி ஆசிரியை. சாக்பீஸ் இல்லாமல் வகுப்புக்குப் போயிருக்கிறேன். அவளுடைய நீல இன்ஹேலர் ஒன்று கைப்பையில் இல்லாமல் வீட்டுப் படியைத் தாண்டியதில்லை. அன்றைக்கும் இருந்தது. அது என்னிடம் இருந்தது, மூச்சு அவளிடம் இல்லை, நடுவில் இருபது கிலோமீட்டர். என் வீட்டுக்காரர் மில்லில் ஷிப்டில் இருந்தார். போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறினேன்.

“யாரு கூடக்கா போயிருக்கு பாப்பா?” என்று ஆட்டோக்காரர் கேட்டார்.

“மூணு டப்பா கூட.”

“அவரா! அப்பம் பயப்படாதீக. மீனையே அம்புட்டுப் பதமாப் பிடிப்பாரு. பிள்ளைய விட்ருவாரா?”

இதுதான் எங்கள் ராஜபாளையத்தில் அந்த மனிதருக்கு உள்ள பேர்; ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் எட்டியிருந்தது. எனக்கு இந்த ஆறுதல் போதவில்லை. ஏனென்றால் எங்கள் ஊரில் மூணு டப்பாவைப் போல மீனை மதித்தவரும் கிடையாது, மனிதர்களைக் காக்க வைத்தவரும் கிடையாது.

அவர் தாலுகா அலுவலகம் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கடைக்குள் இரண்டு இயந்திரங்கள்: ஒன்று ஜெராக்ஸ், ஒன்று லேமினேஷன். மேஜை மேல் மூன்று எவர்சில்வர் டிபன் டப்பாக்கள். ஒவ்வொன்றின் மூடியிலும் சிவப்பு பெயின்டில் ஒரு சொல். பசி. கோபம். பயம். உள்ளே இருப்பவை அத்தனையும் மீனுக்குப் போடும் பொய் இரைகள், அவரே செய்தவை.

மண்புழு வைத்துத் தூண்டில் போடுகிறவர்களை அவர் மனிதராகவே எண்ணுவதில்லை. “புழுவப் போட்டா பசிச்ச மீனு மட்டுந்தான் கடிக்கும். நம்ம மட்டும் என்ன, பசிச்சா மட்டுமா வாயத் தொறக்கோம்? தாலுகா ஆபீஸ்ல போயி நின்னு பாருங்க, பூராப் பேரும் கோவத்துலதான வாயத் தொறக்கான்” என்பார்.

அதனால் மூன்று டப்பா. பசி டப்பாவில் கரண்டியைத் தட்டித் தட்டிச் செய்த சின்ன மினுக்குத் தகடுகள். இழுத்தால் குஞ்சு மீன் திரும்புவதுபோலப் பளிச்சிடும். கோபம் டப்பாவில் ரப்பர் செருப்பைச் செதுக்கிச் செய்த தவளைகள், வயிறு சிவப்பு. தண்ணீர் மேல் ‘சளப் சளப்’ என்று மரியாதையில்லாமல் போகும். பார்க்கிற விராலுக்குப் பற்றிக்கொண்டு வரும். தூண்டில் முள் இரண்டும் மேல்நோக்கி முதுகோடு ஒட்டியிருப்பதால் அல்லியிலும் பாசியிலும் மாட்டாது. பயம் டப்பாவில் எல்லாம் கறுப்பு. வயிற்றில் ஈயம் வைத்தவை. விழுந்ததும் அசையாமல் கீழே போய்க் கிடக்கும். சந்தேகப்படுகிற மீன் சற்று நேரம் சுற்றிவந்து, அப்புறம் தாங்கமாட்டாமல் வாயில் எடுத்துவிடுமாம்.

தவளை செய்யச் செருப்பு வேண்டுமே? கடைக்கு வருகிறவர்களின் முகத்தை அவர் பார்ப்பதில்லை, காலைப் பார்ப்பார். “ஏலே, இந்தச் செருப்பு எப்பம் பிய்யும்?” என்று கேட்டுத் தேதி வாங்கிக்கொள்வார். எங்கள் தெருவில் நல்ல நீலச் செருப்பு வாங்குகிறவர்கள் அவர் கடையைச் சுற்றிக்கொண்டு அடுத்த தெரு வழியாகப் போவது வழக்கம்.

பெயின்ட் அடித்த தவளைகளை ஜெராக்ஸ் கண்ணாடி மேல் காய வைப்பார். அங்கேதான் இளஞ்சூடு இருக்கிறதாம். ஒருமுறை ஒருவருடைய வாரிசுச் சான்றிதழ் ஓரத்தில் தவளையும் சேர்ந்து பிரதியாகிவிட்டது. அலுவலகத்தில் கிளார்க் கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டு, “வாரிசு ஏழுன்னு போட்டிருக்கு. எட்டாவதா இது யாருய்யா?” என்று கேட்டாராம். அந்த ஆள் கோபமாகக் கடைக்குத் திரும்பி வந்தபோது மூணு டப்பா ஒரு முடிச்சு போட்டுக்கொண்டிருந்தார். தூண்டில் நரம்பின் ஒரு முனை அவர் பல்லில். பல்லில் நரம்பு இருக்கும்போது அவர் பேசமாட்டார், கலெக்டரே வந்தாலும். ஐந்து விரலைக் காட்டினார். ஐந்து நிமிடம் என்று அர்த்தம். அந்த மனிதர் ஐந்து நிமிடமும் நின்று திட்டிவிட்டு, புதுப் பிரதி வாங்கிக்கொண்டு போனார்.

நானும் எத்தனையோ தடவை அப்படி நின்றிருக்கிறேன், கையில் வினாத்தாளோடு. அந்த நரம்பு பின்னிய ரகம், வழவழப்பு. சாதாரண முடிச்சுக்கு நிற்காது. இரண்டாக மடித்து, வளையத்தைக் கோர்த்து, தவளையை அந்த வளையத்துக்குள்ளே நுழைத்து, எச்சில் தொட்டு இழுப்பார். எச்சில் தொடாமல் இழுத்தால் நரம்பு சூடாகிப் பலம் போய்விடும் என்பார். எனக்கு அதைப் பார்க்கவே எரிச்சலாக இருக்கும்.

கல்லூரி புராஜெக்ட்டைப் பிரதி எடுக்கப் போன கோதை, இரண்டு மணி நேரம் கழித்து விரல் நுனியெல்லாம் சிவப்பு பெயின்டோடு வந்தாள். விளையாட்டு வகுப்பு வேண்டாம், பனி வேண்டாம், புழுதி வேண்டாம் என்று பதினேழு வருடம் நான் பொத்தி வளர்த்த பெண், “அம்மா, விராலுக்குக் கோவம் எப்பிடி வரும் தெரியுமா?” என்று கேட்டாள். நான் நேராகக் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். தண்ணீர், பாசி, ஈரக்காற்று என்று வரிசையாகச் சொன்னேன். அவர் என் பின்னாலேயே வந்து நின்ற கோதையிடம் திரும்பினார்.

“பாப்பா, ஒங்கம்மா பசியில கடிக்கல. விட்ரு.”

அதன் பொருள் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. விரால் குஞ்சு பொரித்தால் செந்நிறத்தில் கொத்தாகத் தண்ணீர் மேல் மிதக்கும். தாயும் தகப்பனும் அடியிலேயே நின்று, கிட்டே எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும். பிடிக்கிறவனுக்கு அதைவிடச் சுலபமான மீன் கிடையாது. மூணு டப்பா அந்தக் கொத்தின் பக்கம் தூண்டில் போட மாட்டார். மதுரையிலிருந்து விலை உயர்ந்த தூண்டில் ராடோடு வந்த ஒருவர் அப்படிப் போடக் கையை ஓங்கியபோது, இவர் வேட்டி சட்டையோடு கண்மாய்க்குள் குதித்து மீனை விரட்டிவிட்டார். “யோவ், என்னய்யா பைத்தியமா?” என்று அவர் கத்த, இவர் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு, “பிள்ளக்காரி சார் அது! பிள்ளக்காரி!” என்று கும்பிட்டாராம்.

இதைக் கேட்ட பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் கோதையை அவரோடு மீன் பிடிக்க அனுப்பினேன். இன்ஹேலர் பையில் இருக்க வேண்டும், போன் எடுக்க வேண்டும், நான்கு மணிக்கு வீட்டில் நிற்க வேண்டும். மூன்றும் அன்றைக்கு நடக்கவில்லை.

ஓடைக் கரைக்குப் போனபோது மணி நான்கு ஆகவில்லை. எங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தது. மலை மேலேதான் கறுத்துக் கிடந்தது. மழை அங்கே, தண்ணீர் இங்கே. காலையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்த ஓடையாம் அது. இப்போது மூன்று பஸ்களை வரிசையாக நிறுத்துகிற அகலத்துக்கு, மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு செம்மண் நிறத்தில் ஓடியது.

அக்கரையில் ஒரு பாறையில் சாய்ந்து கோதை உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோள் ஏறி ஏறி இறங்க. அந்தத் தோளைப் பதினேழு வருடமாகப் பார்த்திருக்கிறேன். இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நனைந்த வேட்டியோடு மூணு டப்பா.

இன்ஹேலரைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்.

மாந்தோப்புக் காவல்காரர் என் பக்கத்தில் நின்றிருந்தார். “என்னம்மா இந்தாளு? இந்த நேரத்துல மீனு பிடிக்கப் போறானா?” என்றார்.

“யோவ்!” என்று கத்தினேன். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அங்கே என்ன நடந்தது என்று கோதை பிறகு சொன்னாள். “எனக்கு மூச்சு விட முடியல. அவரு மூணு டப்பாவையும் தொறந்து வச்சிட்டு, ‘பாப்பா, ஒங்கம்மாவுக்கு எது சரியா வரும்?’னு கேக்காருமா. நான் கோவம் டப்பாவக் காட்டுனேன். ‘அது காத்துல பறந்துரும். இன்னைக்கு அவியளுக்குப் பயம்தான்’னு சொல்லி, ஈயம் வச்சதுல பெருசா ஒண்ண எடுத்தாரு.”

குறடால் அதன் முள்ளை வெட்டி எறிந்தார். எழுந்து நின்று ராடைப் பின்னால் சாய்த்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வீசுவது மீனுக்கு இல்லை, எனக்கு.

முதல் வீச்சு நடு ஓடையில் விழுந்தது. தண்ணீர் அதைக் கோடு போட்டுக் கீழே கொண்டுபோனது. அவர் சுற்றி எடுத்தார். இரண்டாவது எங்கள் கரையிலேயே ஒரு கருவேலஞ்செடியில் விழுந்தது. காவல்காரர் பாய்ந்தார். அவர் விரல் படுவதற்குள் நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டது. “போச்சே!” என்று தலையில் அடித்துக்கொண்டார். கோதை பாறையிலிருந்து ஒரு பக்கமாகச் சரிந்திருந்தாள்.

மூன்றாவது வீச்சு என் தோளில் வந்து அடித்தது. வலி தெரியவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

இன்ஹேலரைப் பாலிதீன் கவருக்குள் போட்டுக் காற்று ஊதிக் கட்டினேன். அதை இன்னொரு கவருக்குள் வைத்தேன். காவல்காரர், “சும்மா ரெண்டு சுத்துச் சுத்தி விடும்மா” என்றார். நான் நரம்பை இரண்டாக மடித்தேன். கவரின் காதுகளுக்குள் வளையத்தைக் கோர்த்தேன். அந்தக் கறுப்பு இரையை வளையத்துக்குள் நுழைத்தேன். எச்சில் தொட்டு இழுத்தேன். வாய் உலர்ந்து எச்சில் வராமல், மூன்று தடவை நக்க வேண்டியிருந்தது. கையைத் தூக்கினேன்.

அவர் பாறை மேல் ஏறி, ராடை உச்சிக்குத் தூக்கிப் பிடித்துச் சுற்றினார். கவர் தண்ணீரைத் தொட்டது, எழும்பியது, மறுபடி தொட்டது. ஓட்டம் அதைக் கீழே இழுக்க, அவர் ராடை இறக்காமலே பாறை பாறையாகத் தாவிக் கரையோரம் ஓடினார். அறுபது வயது மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ஒரு வளைவில் முழங்கால் தண்ணீரில் இறங்கி, கவரை நெஞ்சோடு அணைத்து எடுத்தார்.

கோதை வாயில் வைத்து அழுத்தியதைப் பார்த்தேன். இக்கரையில் நானும் மூச்சை அடக்கிக்கொண்டு பத்து வரை எண்ணினேன். மறுபடி ஒன்று. மறுபடி பத்து. காவல்காரர் என்னோடு சேர்ந்து சத்தமாகவே எண்ணினார், எதற்கு என்று தெரியாமலே. ஐந்தாவது தடவையில் அவள் தோள் கீழே இறங்கியது. கையைத் தூக்கி ஆட்டினாள்.

வந்த வேகத்திலேயே தண்ணீர் வடியத் தொடங்கியது. ஐந்தரை மணிக்குக் காவல்காரரும் இரண்டு பேரும் கயிறு பிடித்துப் போய்க் கோதையைக் கூட்டி வந்தார்கள். அவளைத் துண்டில் சுற்றிக்கொண்டு, திட்டுவதற்கு வழியெல்லாம் சேர்த்து வைத்ததை விட்டுவிட்டு அவள் தலையைத் துவட்டினேன். தீயணைப்பு வண்டி வந்து, “யாரும்மா மாட்டிக்கிட்டது?” என்று கேட்டுவிட்டு, எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்தது.

எல்லோருக்கும் கடைசியாக மூணு டப்பா ஓடையைக் கடந்து வந்தார். என் பக்கத்தில் வரவில்லை. பத்தடி தள்ளியே நின்றார். கோதையை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“மொத ரெண்டு எறியும் நான் தப்பா எறிஞ்சிட்டேன் டீச்சர். கை நிக்கல. எனக்குப் பிள்ள கெடையாதுல்ல... இப்பிடி நடுங்கும்னு எனக்குத் தெரியாது.”